தாமதம் யார் கணக்கில்

பிப்ரவரி 9, வெள்ளி

இந்த டைரியை ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டர் ஷமீலாவுக்குக் கொடுத்திருக்கிறார். டாக்டர் அதை என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூலத்துக்கான மாத்திரை ஒன்றின் படம் இருக்கிறது. தினமும் மூன்று விஷயம் எழுதினால் போதுமாம்: இஞ்ஞாசியின் எடை, அவன் குடித்த தண்ணீர், விரலில் மாட்டுகிற கருவி காட்டும் ஆக்சிஜன் எண். ஆனால் பக்கம் பெரிதாக இருக்கிறது. காலியாக விட எனக்கு மனசு வராது.

எடை 46. தண்ணீர் ஒரு லிட்டர். எண் 88.

பின்னால் இதைப் புரட்டப்போகும் டாக்டர்களுக்காக ஒரு அறிமுகம். இஞ்ஞாசி என் தங்கையைக் கட்டியவன். அவன் தங்கையைக் கட்டியவன் நான். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. இரண்டு பெண்களும் எங்களைச் சகித்தது போதும் என்று முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆறு வருடமாகப் பொன்மலையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தைந்து. இரண்டு பேரும் ரயில்வே. கூட்ஸ் வண்டியில் அவன் டிரைவர், நான் கார்டு. முன்னால் என்ஜினில் அவன், கடைசிப் பெட்டியில் நான், நடுவில் நாற்பது வாகன். எங்கள் உறவு இத்தனை வருடம் தாங்கியதற்கு அந்த நாற்பது வாகன்தான் காரணம்.

அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. பாதி கரிப்புகை, பாதி பீடி. ஜனவரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு ஒன்பது நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குழாயை எடுத்து இரண்டு நாள் கழித்துத்தான் அவனுக்குக் குரல் வந்தது. முதலில் பீடி கேட்டான். அடுத்து இதைச் சொன்னான்.

"இனிமே அந்தக் கொழாயப் போட விட்டுறாத மச்சான். போறதுன்னா போறேன். கையக் கட்டிப்போட்டுப் போக வேணாம்."

சரி என்றேன். சரி என்று சொல்வதில் என்ன கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியில் வண்டி எங்காவது நின்றால் எத்தனை நிமிடம் நின்றது, யாரால் நின்றது என்று கார்டு தன் ஜர்னலில் எழுத வேண்டும். சிக்னல் கணக்கா, என்ஜின் கணக்கா, ஸ்டேஷன் கணக்கா என்று பிரித்து எழுதாவிட்டால் ஆபீசில் தோலை உரித்துவிடுவார்கள். முப்பத்தொரு வருடத்தில் என் கணக்கில் ஒரு நிமிடம்கூட ஏறியதில்லை. இஞ்ஞாசி பேரில் நிறைய ஏற்றியிருக்கிறேன்.

பிப்ரவரி 10

எடை 46. தண்ணீர் ஒரு லிட்டர் என்று அவன் சொன்னான். பொய். எண் 87.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு நெற்றியில் சாம்பல் பூசப் பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்தார். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி மந்திரிக்கிற நோயில்பூசுதலை இஞ்ஞாசிக்கு அவர் இதுவரை மூன்று தடவை செய்திருக்கிறார். மூன்று தடவையும் இவன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டான். எனக்குப் பூசின எண்ணெயை மிச்சம் பிடித்திருந்தால் ஒரு பஜ்ஜிக் கடை வைத்திருக்கலாம் சாமி என்று இன்று அவரிடமே சொன்னான். சாமியார் சிரித்துவிட்டுச் சாம்பலைக் கொஞ்சம் அழுத்தியே பூசினார்.

எடை 46. தண்ணீர் ஒரு லிட்டர். எண் 88. தவக்காலம் என்று இன்று மீன் குழம்பு கிடையாது. அதற்கும் என்னைத்தான் திட்டினான்.

பிப்ரவரி 17, சனி

சாயங்காலம் 5.20-க்குக் குளித்துவிட்டு வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்துகொண்டான். எண் 79. ஆக்சிஜன் மெஷினை ஏற்றி வைத்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னான். அந்தப் பத்து நிமிடத்துக்குள், எதிர்வீட்டு ரெங்கநாயகி அம்மாள் 108-ஐக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டதால் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் ரிட்டயர்ட் தலைமை ஆசிரியை. சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என்ன விஷயம் என்று கேட்டபோது ஆம்புலன்ஸ் எங்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் எட்டுக் கட்டில், பதினான்கு நோயாளி. எல்லாரும் ஓடுகிறார்கள். கிழவர்கள் மட்டும் வரிசையாகப் படுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். இஞ்ஞாசிக்கு மூஞ்சியை இறுக்கிப் பிடிக்கிற மாஸ்க் ஒன்றைப் போட்டார்கள். நான்கு மணி நேரத்தில் தேறிவிட்டான். வீட்டிலேயே பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தேறியிருப்பேன் என்று மாஸ்க்கை எடுத்ததும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் நின்ற நேரம்: ஒரு ராத்திரி. ரெங்கநாயகி அம்மாள் கணக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு

டாக்டர் ஷமீலா காலையில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எமர்ஜென்சியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் என்னைப் பார்க்காமல் இஞ்ஞாசியைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, இந்த நுரையீரல் இனிமே தேறாது. அடுத்த தடவை ரொம்ப மோசமா வந்தீங்கன்னா டியூப் போடலாம். ஆனா போட்டா எடுக்க முடியாமப் போகலாம். வேணாம்னா, மூச்சு முட்டுறது தெரியாம இருக்க மருந்து தந்து பக்கத்துலயே வச்சுப் பாத்துக்குவோம். அதுவும் வைத்தியந்தான். உங்களுக்கு எது வேணும்?"

"கொழா வேணாம்" என்றான் இஞ்ஞாசி. பீடி வேணாம் என்று ஒருநாளும் இவ்வளவு சட்டென்று சொன்னதில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்க என்ன சொல்றீங்க என்றார். மஸ்கட்டில் இருக்கிற இவன் மகள் ஜெசிந்தாவைக் கேட்க வேண்டும், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றேன். கேளுங்கள், கேட்டு எழுதி வையுங்கள், ஆபத்து நேரத்தில் இங்கே இருக்கிற டாக்டருக்கு உங்களைத் தெரியாது, சொல்வதற்கு ஆள் வேண்டும் என்றார். அதற்குப் பிறகு இந்த டைரியை வாங்கிப் புரட்டினார். நல்லவேளை, அவரைப் பற்றி மோசமாக எதுவும் எழுதவில்லை. மூலமாத்திரைப் படத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் நெளிந்தார்.

எடை பார்க்கவில்லை. எண் 89.

பிப்ரவரி 21

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 22

லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவளே இஞ்ஞாசியின் போனில் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினாள். மாமாவிடம் கொடுங்கள் என்றாளாம். அடுப்பில் ரசம் இருந்தது. ரசம் பொங்கினால் வீணாகிவிடும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கடிதம் எழுதினோம். சாட்சிக்கு ரெங்கநாயகி அம்மாளையும் கோவில் உபதேசியார் தொம்மையையும் கூப்பிட்டிருந்தோம். தொம்மைதான் எங்கள் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, மணி அடிப்பது, சாவுச்செய்தி பரப்புவது எல்லாம். இஞ்ஞாசி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கனம் பொருந்திய டாக்டர் அவர்களின் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்தேன். லீவு லெட்டரா எழுதுறே என்று கேட்டான். ஒரு வகையில் லீவு லெட்டர்தானே. ரெங்கநாயகி அம்மாள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி இரண்டு பிழை திருத்தினார். நாளைக்கு நோட்டரியிடம் முத்திரை வாங்க வேண்டும். தொலைந்துபோனால் உதவும் என்று இங்கேயும் ஒரு நகல்:

'எனக்கு மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டையில் குழாய் போட வேண்டாம். நெஞ்சை அமுக்க வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். வலியும் மூச்சுமுட்டலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். என்னால் பேச முடியாவிட்டால் என் மச்சான் சந்தியாகு பேசுவார்.'

கீழே இஞ்ஞாசி கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஓடுகிற என்ஜினில் நின்றுகொண்டு போட்ட மாதிரியே இருக்கும், நாற்பது வருடமாக அப்படித்தான். போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் காப்பி கலக்க எழுந்து போனேன்.

எடை 45. தண்ணீர் ஒரு லிட்டர். எண் 86.

மார்ச் 6, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் டைரி என்றால் எழுத வேண்டும்.

காலை 9.30-க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எண் 74. 108 வந்தது. எமர்ஜென்சியில் டாக்டர் ஷமீலா இல்லை. டாக்டர் பிரணேஷ் என்று ஓர் இளைஞர், மீசை இப்போதுதான் சம்மதம் சொல்லியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்து, டியூப் போடணுமா வேணாமா, இப்பவே சொல்லுங்க ஐயா என்றார். கடிதம் என் பையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வயதான வயிறு, யாரைக் கேட்டுக் கலக்குகிறது. கக்கூஸுக்குப் போனேன்.

இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கட்டில் இருந்த இடமே காலி. தரையைப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். சுவரோரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் வேட்டி, செருப்பு, பல்செட். பல்செட்டைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து தொம்மைக்குப் போன் போட்டு, இஞ்ஞாசி போய்விட்டான் என்றேன். மற்ற வேலைக்கெல்லாம் தொம்மையைத் தள்ளித்தான் விட வேண்டும். சாவு மணி அடிப்பதில் மட்டும் அவர் புலி. பதினொன்று பத்துக்குப் பொன்மலை முழுக்க மணி கேட்டிருக்கிறது.

பதினொன்றே காலுக்கு இஞ்ஞாசியின் கட்டில் எக்ஸ்ரே ரூமிலிருந்து உருண்டு வந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

தொம்மைக்கு ஒன்பது தடவை போன் அடித்தேன். சட்டையையும் போனையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மேலே மணிக்கூண்டில் நின்று மனமுருக அடித்துக்கொண்டிருந்தாராம்.

நோயாளியை நகர்த்தினால் கூட வந்தவனுக்குச் சொல்ல வேண்டாமா. எக்ஸ்ரே கணக்கு.

மார்ச் 7

வீட்டு வாசலில் ஷாமியானா. அறுபது நாற்காலி. கல்லறையில் குழி மூன்றடி வெட்டிவிட்டார்கள், பாறை வந்ததால்தான் நின்றதாம். பென்ஷனர் சங்கத்தார் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற போட்டோவைக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரன் வெட்டும்போது ஆளை மாற்றிவிட்டான். 'இஞ்ஞாசி, ஓய்வுபெற்ற டிரைவர்' என்று எழுதி என் முகம். பால்காரர் என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். நான் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நல்ல போட்டோ. அதற்குப் பக்கத்தில் போட்ட ரோஜாப்பூவும் நன்றாகத்தான் இருந்தது.

எண் 85. இஞ்ஞாசி இன்னும் ஆஸ்பத்திரியில்.

மார்ச் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் முதல் வேலையாக யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்று கணக்குக் கேட்டான். கண்ட்ரோலர் ஆபீஸ் சூசை வரவில்லை என்றேன். அவன் சாவுக்கு நானும் போக மாட்டேன் என்றான். ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து தன் கட்டிலுக்கு அடியில் விரிக்கச் சொன்னான், ஈரம் ஏறாது என்று. எனக்கு இவ்வளவு பெரிய மரியாதை கிடைத்தும் முகம் மட்டும் உன்னுடையதாகப் போய்விட்டதே என்று வருத்தப்பட்டான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமல் நின்ற பிறகு, சாதாரணமாகக் கேட்டான்.

"டாக்டர் கேக்கறப்ப நீ எங்க இருந்த?"

"கக்கூஸ்ல."

"இருவது நிமிசமா?"

"வயிறு."

அவன் மெஷின் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டான்.

"அன்னிக்கு நாந்தான் தலைய ஆட்டுனேன், வேணாம்னு. தலை ஆடுச்சு, ஆட்டுனேன். அடுத்த தடவ ஆடாது மச்சான்."

எடை 44. எண் 85.

மார்ச் 11

எடை 44. தண்ணீர் முக்கால் லிட்டர். எண் 84.

கக்கூஸில் இல்லை. டீக்கடையில் இருந்தேன். ஒரு டீ, ஒரு வடை. அவன் அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது நான் வடையை முழுசாகத் தின்றேன்.

மார்ச் 15, வெள்ளி

ஜெசிந்தா என் போனுக்கே கூப்பிட்டாள். அடுப்பில் ரசம் இல்லை. டாக்டர் ஷமீலா அவளிடம் பேசியிருக்கிறார்.

"மாமா, நான் ஒத்துக்க மாட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே? அப்பா சொல்றபடி செய்யுங்கன்னு நான் ஜனவரியிலயே சொன்னேன். நீங்கதான் பாப்போம் பாப்போம்னு தள்ளுனீங்க."

ஆமாம், சொன்னாள். ஜனவரியில் சொன்னாள், பிப்ரவரியில் இரண்டு தடவை சொன்னாள். லைன் கிடைக்கவில்லை என்று எழுதிய இரண்டு நாளும் நான் போனைக் கையால் தொடவில்லை.

பயம்தான். வேறு பெயர் எதற்கு. இவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன். காலையில் எழுந்ததும் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா. குழாயோ கயிறோ எதையாவது போட்டு இவனை இங்கேயே இழுத்துக் கட்டி வைக்க மாட்டார்களா என்றுதான் ஒவ்வொரு தடவையும் 108-க்கு அடித்திருக்கிறேன். சாவுக்குப் பயந்தவன் அவன் இல்லை.

இப்படியெல்லாம் எழுதினால் எடை, தண்ணீர் எழுத இடம் இருக்காது. எடை 43.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

கோவிலிலிருந்து இரண்டு குருத்தோலை கொண்டுவந்தேன். ஒன்றைச் சிலுவைப் படத்தில் செருகினேன். மற்றதை வைத்து இஞ்ஞாசி முதுகு சொறிந்துகொண்டான்.

தொம்மை பார்க்க வந்தார். அவருக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. எழுந்து போகும்போது, பெரிய வியாழன் பூசையோடு மணியைக் கட்டிவிடுவோம், உயிர்ப்புப் பூசை வரைக்கும் மரக்கட்டையைத்தான் தட்டுவோம், அதுவரைக்கும் உடம்பைப் பத்திரமாப் பாத்துக்குங்க என்றார். முயற்சி பண்றேன் உபதேசியாரே என்றான் இஞ்ஞாசி.

எடை பார்க்கவில்லை. மெஷின்மேல் நிற்க முடியவில்லை. தண்ணீர் அரை லிட்டர். எண் 81.

மார்ச் 28, பெரிய வியாழன்

அவன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தேன், வீட்டில் முடிக்கிறேன். இது கொஞ்சம் நீளும்.

காலை 6.35-க்கு அவனே என் கையைத் தட்டினான். உதடு நீலம். "முட்டுது. கூட்டிட்டுப் போ" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கொழா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். இந்தத் தடவை 108-ஐக் கூப்பிட்டது அவனுக்காக. ரெங்கநாயகி அம்மாள் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிவிட்டார். நோட்டரி முத்திரை போட்ட கடிதம் பீரோவில் இருக்கிறது என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. போன தடவை பையில் வைத்துக்கொண்டே காட்டாதவன், இந்தத் தடவை எடுக்கவே மறந்துவிட்டேன். பையில் இந்த டைரிதான் இருந்தது.

7.20-க்கு உள்ளே போனோம். அதே டாக்டர் பிரணேஷ். இஞ்ஞாசிக்குக் கண் சொருகியிருந்தது. தலை ஆடவில்லை. டாக்டர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, டியூப் போடவா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் தடவை நிஜமாகவே கலக்கியது. கதவு திறந்திருந்தது, கதவுக்கு வெளியே டீக்கடை பாய்லர் புகைவது தெரிந்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்" என்றேன். "கொழா வேணாம். நெஞ்ச அமுக்க வேணாம். கையக் கட்ட வேணாம். மூச்சு முட்டாமப் பாத்துக்குங்க. நான் இங்கதான் இருப்பேன்."

டைரியில் நகல் இருந்த பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு டாக்டர் ஷமீலாவுக்குப் போன் செய்தார். எட்டு மணிக்குள் அவர் வந்துவிட்டார். வந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு ஒரு தாளில் எழுதி வாசித்துக்காட்டி, கையெழுத்துப் போடும் முன் இன்னொரு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். பெரிய வெள்ளியன்று சேவல் கூவுவதற்குள் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தார். நானும் மூன்று தடவை வேண்டாம் என்றேன். சேவல் எதுவும் கூவவில்லை, வாசலில் ஒரு ஆம்புலன்ஸ்தான் கூவியது.

அதன் பிறகு அவர்கள் செய்ததை எழுதி வைக்க வேண்டும். எமர்ஜென்சியில் மூலையில் ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் இடத்தைக் காலி செய்தார்கள். திரை கட்டினார்கள். மூஞ்சியை இறுக்கும் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிசான குழாய் ஒன்றை மட்டும் வைத்தார்கள். இரத்தம் எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். மானிட்டர் சத்தத்தை அணைத்தார்கள். மார்ஃபின் கொஞ்சமாகத் தோலுக்கடியில் போட்டார்கள். கால் மணி நேரத்தில் அவன் நெற்றிச் சுருக்கம் விட்டுப்போனது. ஒரு மாதமாக நான் பார்க்காத நெற்றி அது. சிஸ்டர் தமயந்தி எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கூட வந்தவர்கள் உட்காரக் கூடாது என்று என்னைப் பிப்ரவரியில் விரட்டிய அதே சிஸ்டர்.

"கையப் பிடிச்சுக்குங்க. பேசுங்க. காது கேக்கும்" என்றார்.

நான் என்ன பேசுவேன். ஐம்பது வருடமாகத் திட்டியிருக்கிறேன், பேசியதில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. டைரியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். நாற்பது வாகன், பஜ்ஜிக் கடை, ரெங்கநாயகி அம்மாள் கணக்கு, ரசம், மணி, ஃப்ளெக்ஸ் எல்லாம். பாதியில் அவன் கண்ணைத் திறந்திருந்தான். மார்ச் 11-ஐத் தாண்டிவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டப் போனேன். புரட்டாமல் வாசித்தேன். கக்கூஸில் இல்லை, டீக்கடையில் இருந்தேன், ஒரு டீ, ஒரு வடை.

அவன் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"உளுந்தா, பருப்பா?"

"பருப்பு" என்றேன்.

அதைக் கேட்டதும் என் விரலை ஒரு அழுத்து அழுத்தினான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பதினொரு மணிக்குச் சாமியார் ஓட்டமாக வந்து நான்காவது தடவை எண்ணெய் பூசினார். இந்தத் தடவை அவன் காப்பி கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஜெசிந்தாவின் குரலைப் போனில் அவன் காதோரம் வைத்தேன். அவள் சொன்னது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும். திரைக்கு வெளியே எட்டுக் கட்டிலும் வழக்கம்போல் கத்திக்கொண்டுதான் இருந்தது. விஷம் குடித்தவர் ஒருவர், பைக்கில் விழுந்தவர்கள் இரண்டு பேர். அத்தனைக்கும் நடுவில் டாக்டர் ஷமீலா மூன்று தடவை திரையை விலக்கி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. ஒரு இடைவெளி முடியவே இல்லை.

14.40. ஆண்டவர் மூன்று மணிக்குத்தான் உயிர்விட்டார். இவன் இருபது நிமிடம் முன்னாலேயே. எந்த ஸ்டேஷனிலும் இவனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

நான் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன்.

மூன்றரைக்குத் தொம்மைக்குப் போன் செய்தேன். அவர் நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார், கேட்கத்தான் வேண்டும். பிறகு இழுத்தார்: மணியைக் கட்டியாகிவிட்டது, நாளைக்கு ராத்திரி வரைக்கும் அடிக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க என்றார்.

"அவனுக்கு அடிச்சாச்சு உபதேசியாரே" என்றேன்.

மார்ச் 30, சனி

அடக்கம் ஆயிற்று. பாறையை உடைத்துவிட்டார்கள். மணிக்குப் பதில் தொம்மை மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். கண்ட்ரோலர் ஆபீஸ் சூசை வந்திருந்தான். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று சங்கத்தாரிடம் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. இந்தத் தடவை அவன் முகம்தான்.

வீட்டுக்கு வந்து ஜர்னலைச் சரிபார்த்தேன்.

பிப்ரவரி 17, ரெங்கநாயகி அம்மாள் கணக்கு என்றிருப்பதை அடித்துத் திருத்துகிறேன். என் கணக்கு.

மார்ச் 6, எக்ஸ்ரே கணக்கு என்றிருப்பதும் என் கணக்கு. மணி இருபத்துமூன்று நாள் முன்னதாக அடித்ததும் என் கணக்கு.

மார்ச் 29, தாமதம் இல்லை.

ஜெசிந்தா மத்தியான விமானத்தில் வந்து நேரே கல்லறைக்கு வந்தாள். அடக்கம் முடிந்து வீட்டில் அவன் கட்டிலில் உட்கார்ந்து, கீழே விரித்திருக்கிற ஃப்ளெக்ஸில் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில பக்கத்துல இருந்தீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"இருந்தேம்மா" என்றேன். டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை.